கொச்கோர்பாய் கையில் மைக்

"மைக் என் கையில இருக்கும்போது இந்த வாய் மூடிச்சுன்னா, அது என் மய்யித்தைத் தூக்குற அன்னிக்குத்தான். அன்னிக்கும் முதல் பத்து நிமிஷம் நானே பேசிட்டுத்தான் குழிக்குள்ள இறங்குவேன்!"

கொச்கோர்பாய் இதைச் சொன்னது ஒரு கல்யாண விருந்தில், முந்நூறு பேர் முன்னிலையில், ஆட்டிறைச்சித் தட்டுகள் வந்துகொண்டிருந்த நேரத்தில். கைதட்டல் கூரையைத் தொட்டது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியவர்களும் அதில் உண்டு. பாவம், இறைச்சி ஆறும்வரை முடியவில்லை.

ஓஷ் நகரத்தில் மாப்பிள்ளை வரத் தாமதமானால்கூட அரை மணி சமாளித்துவிடலாம். தமாதா இல்லாமல் ஒரு நிமிடம் நகராது. விருந்தை மைக் பிடித்து நடத்துகிறவர்தான் தமாதா. யார் எழுந்து வாழ்த்துவது, பெரிய மாமாவுக்கு அடுத்து சின்ன மாமாவா அல்லது பெண்ணின் தாய்மாமனா, யாரை இரண்டாவதாக அழைத்தால் மூன்று தலைமுறைக்குப் பகை வரும் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். விருந்தில் பேச்சு நடுவில் அறுந்தால் புதுக்குடித்தனத்துக்கு ஆகாது என்பது நம் ஊர் நம்பிக்கை. கொச்கோர்பாயின் முப்பது வருடத் தொழிலில் அறுந்ததே இல்லை. மின்சாரம்தான் நாலைந்து தடவை அறுந்திருக்கிறது. அப்போதும் இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சிலருக்கு அதுவே பெரிய பயமாகப் போயிற்று.

ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறதே, அது யாரை விட்டது. கம்ப்யூட்டரும் புகை கக்கும் இயந்திரமுமாக இளவட்டத் தமாதாக்கள் புறப்பட்டு வந்தார்கள். இரண்டு வாக்கியம் பேசுவார்கள், பாட்டைப் போடுவார்கள், மேடையில் புகை கிளம்பும், மணப்பெண் இருமுவாள், எல்லோரும் ஆடுவார்கள். கொச்கோர்பாய்க்கு வரும் அழைப்புகள் சுருங்கின. கல்யாணம் போய்ச் சுன்னத்து விருந்தாயிற்று. கடைசியாக வந்தது ஒரு டயர் கடைத் திறப்பு விழா. அங்கேயும் அவர் சோடை போகவில்லை. ரப்பர் மரத்திலிருந்து தொடங்கி டயரின் வம்சாவளியை விரித்து, "இந்த டயர் மூத்து, தழைத்து, பேரன் பேத்தி எடுக்கணும்" என்று வாழ்த்தி முடித்தார்.

அவர் மனசு முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: இலையுதிர் காலத்தில் வரப்போகும் ஒமுர்ஸாக் ஹாஜி வீட்டுக் கல்யாணம். ஒமுர்ஸாக் சிமெண்ட் வியாபாரி. ஓஷில் பாதி வீடுகள் அவர் சிமெண்டால் நிற்கின்றன. மீதிப் பாதி அவர் சிமெண்டால்தான் விழுந்தன என்பது போட்டிக் கடைக்காரர்கள் பேச்சு, நமக்கெதற்கு. அவருக்கு ஒரே மகன். எண்ணூறு பேருக்கு அழைப்பு. அந்த விருந்தில் மைக் பிடிக்கிறவன் பத்து வருடத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கின் ராஜா. பிடிக்காதவன் டயர் கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் மிர்லான் வந்து கதவைத் தட்டினான். மாஸ்கோவில் எட்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பையன். வந்தவன் மற்றவர்களைப் போல ஒரு பழைய காரை வாங்கி டாக்ஸி ஓட்டாமல், பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்தப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

"பைகே, ஒரு மைக் வேலை இருக்கு" என்றான். மூத்தவரை அண்ணா என்று அழைப்பதுதான் இங்கே பைகே.

"யார் வீட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல பைகே. ஃபுட்பால்."

கொச்கோர்பாய் மீசையைத் தடவினார். "எவ்வளவு தருவீங்க?"

"இலவசப் போட்டி. நுழைவுக் கட்டணம் இல்ல, சட்டை இலவசம், பூட்ஸ் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம்." மிர்லான் கொஞ்சம் தயங்கினான். "நீங்களும் இலவசம்."

அடுப்படியிலிருந்து கொச்கோர்பாயின் மனைவி குல்பாரா குரல் கொடுத்தாள். "கூட்டிட்டுப் போப்பா, புண்ணியமாப் போகும்! வீட்டுல இருந்தா கெட்டில் கொதிக்கிறதுக்கெல்லாம் வாழ்த்துரை வாசிக்கிறார்."

"சும்மா இரு குல்பாரா. தம்பி, எனக்கு ஃபுட்பால்ல பந்து உருண்டைங்கிறது வரைக்கும்தான் தெரியும். வேற ஆளைப் பாரு."

"சரி பைகே. ஒமுர்ஸாக் ஹாஜிகிட்ட அப்படியே சொல்லிடறேன். ஜெயிக்கிற அணிக்கு அவர்தான் கிடா தர்றார். இறுதி ஆட்டத்துக்கு நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்கார்."

குல்பாரா தேநீரோடு வெளியே வந்தபோது கொச்கோர்பாய் வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்து, வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

போட்டி நடந்தது பழைய பருத்தி ஆலைக்குப் பின்னால் உள்ள பொட்டல் மைதானத்தில். வந்த அணிகளைப் பார்த்தால் ஊரின் மறுபாதியே திரண்டு வந்த மாதிரி இருந்தது. செங்கல் சூளைப் பிள்ளைகள் வந்தார்கள், முழங்கால் வரை சிவப்பாக. தாய் தகப்பன் ருஷ்யாவில் பெருக்கித் துடைக்க, சித்தப்பன் பெரியப்பன் வீடுகளில் வளரும் பிள்ளைகள் ஒரு அணி. சந்தையில் தள்ளுவண்டி தள்ளும் பையன்கள் ஒரு அணி, அவர்கள் "வழி, வழி, வழி!" என்று கத்திக்கொண்டேதான் பந்தை ஓட்டிப் போனார்கள், பழக்க தோஷம். காது கேளாதோர் விடுதிப் பள்ளியிலிருந்து ஒரு அணி. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அணிக்கு எட்டுப் பேர். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புது பூட்ஸ் என்பதே வாழ்க்கையில் முதல் முறை. ஒருவன் அது அழுக்காகிவிடும் என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடினான்.

கொச்கோர்பாய்க்கு ஒரு லாரியின் பின்தட்டில் மேசை போட்டு, மைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அவர் தொடக்க உரையை ஆரம்பித்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். முடித்தபோது உட்கார்ந்திருந்தார்கள். சூளை அணியின் கோல்கீப்பர் படுத்திருந்தான்.

அவருக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்று: குதிரை மேலிருந்தபடி ஆட்டு உடலைப் பறித்துக்கொண்டு ஓடும் கோக்-போரு. ஆகவே முதல் நாள் முழுக்க, "ஆட்டைப் பிடுங்கிட்டான்! விடாதே, ஆட்டைத் தொடையில இடுக்கு!" என்றே வர்ணனை நடந்தது. பார்க்க வந்திருந்த பரிசுக் கிடா ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டது.

அதோடு நின்றதா? தமாதா என்றால் யாரையும் வம்சம் சொல்லாமல் அறிமுகம் செய்யக் கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தகப்பன் பெயரே மங்கலாகத்தான் தெரியும். அதனாலென்ன, கொச்கோர்பாய் இருக்கிறாரே. "இதோ வருகிறான் தூர்சுன்! தள்ளுவண்டி வம்சத்தின் ஏழாம் தலைமுறை! இவன் பாட்டனார் பட்டுப் பாதையில் வண்டி தள்ளியவர்! சீனத்துக்குப் போய் பாக்கி வசூலித்து வந்தவர்!" சந்தை அணித் தலைவன் தூர்சுன் அன்று சாயந்தரம் சந்தைக்குப் போய், தன்னை இனிமேல் "டேய்" என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று அறிவித்தானாம்.

பெனால்டி என்றால் என்ன என்று அவருக்கு விளங்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. எல்லோரும் அசையாமல் நின்று ஒரே பக்கம் பார்க்கிறார்கள்! முப்பது வருட அனுபவம் அவருக்குச் சொன்னது, இது வாழ்த்துச் சொல்லும் நேரம்.

"அன்பர்களே, பையன் உதைக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு வார்த்தை சொல்ல கோல்கீப்பரோட தாய்மாமனை அழைக்கிறேன்!"

நடுவர் கையை ஆட்டிக் கத்தினார். "பைகே, உதைக்க விடுங்க!"

"மாமன் வாழ்த்தாம உதைச்சா விளங்குமாய்யா?"

கோல்கீப்பரின் தாய்மாமன், செங்கல் சூளையில் அடுக்குகிறவர், வாழ்க்கையில் முதல் முறையாக மைக்கைத் தொட்டார். ஆரோக்கியம், நீண்ட ஆயுள், நல்ல மழை, செங்கல்லுக்கு நல்ல விலை எல்லாம் வேண்டிக்கொண்டார். உதைக்க நின்ற பையன் கால் மரத்துப்போய்ப் பந்தை வானத்துக்கு அடித்தான். "பார்த்தீங்களா, வாழ்த்து பலிச்சிருச்சு!" என்றார் கொச்கோர்பாய். கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மறுநாள் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. உள்ளபடி சொன்னால், பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வரவில்லை.

அவர் பேச்சு மயக்காத ஒரே அணி, காது கேளாத பிள்ளைகள்தான். அவர்களுக்காக நடுவர் விசிலோடு சிவப்புத் துணியும் வைத்திருந்தார். துணி ஆடினால் ஆட்டம் நிற்கும். கொச்கோர்பாய் முதல் நாள் அவர்களைக் கழுகு, சிறுத்தை, பனிமலை ஓநாய் என்று வரிசையாகப் புகழ்ந்தார். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் எண் சட்டை போட்ட எலாமான் அவர் புகழ்ச்சியின் உச்சத்தில் முதுகைச் சொறிந்தான்.

"மரியாதை தெரியாத பிள்ளைங்களா இருக்குதே!" என்றார் மைக்கை மூடாமலே.

"பைகே, அவங்களுக்குக் காது கேக்காது" என்றான் மிர்லான்.

"அது தெரியும்யா. ஆனா இவ்வளவு சத்தமாச் சொல்றேனே!"

அவர்களுடைய விளையாட்டு ஆசிரியை பெர்மெத். நாற்பது வயது, ஒல்லி, விசில் ஊதிப் பழகாததால் கண்ணாலேயே அதட்டுகிறவள். ஒவ்வொரு நாளும் அவள் பிள்ளைகள் லாரியைக் கடக்கும்போது ஒரு சைகை செய்தார்கள்: மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் ஒரு இழுப்பு, பிறகு கையை அலகு மாதிரி படபடவென்று திறந்து மூடுவது. கொச்கோர்பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று அதே சைகையைத் திருப்பிச் செய்தார். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் நாள்தான் கேட்டார்.

"பெர்மெத், அது என்ன, சலாமா?"

"இல்ல பைகே. அது உங்க பேரு. எங்க பிள்ளைக எல்லாருக்கும் ஒரு பேரு வச்சிருவாங்க."

"அப்படியா! என்ன அர்த்தம்?"

பெர்மெத் ஒரு கணம் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். அவளுக்கு அது வரவில்லை. "மீசை வச்ச வாத்து."

இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவை இரண்டு அணிகள்: சந்தைப் பையன்களும் காது கேளாத பிள்ளைகளும். கிடா வலது கோட்டோரத்தில், இரண்டு தரப்புக்கும் நடுவில் கட்டப்பட்டு, வைக்கோல் தின்றது. ஜெயித்தால் அதைப் புலாவ் போடுவது என்று சந்தை அணி ஏகமனதாக முடிவு செய்திருந்தது. விடுதிப் பிள்ளைகள் அதைக் கொண்டுபோய் வளர்ப்பது என்று முடிவு செய்து, அதற்குச் சைகையில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கிடா யார் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒமுர்ஸாக் ஹாஜி வந்தார். அவருக்காகக் கோட்டோரத்தில் கம்பளம் விரித்து, மெத்தை போட்டு, தேநீர் வைத்தார்கள். கொச்கோர்பாய் இதற்காக ஒரு வாரம் தவமிருந்தார் என்றே சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி, அக்கம்பக்கத்துப் பையன்களிடம் ஆட்டத்தைப் பாடம் கேட்டார். ஓரத்தில் ஓடுவது யார், நடுவில் தடுப்பது யார், ஆளில்லாத இடத்தில் போய் நிற்பதன் அருமை என்ன, எல்லாம் கற்றார். குல்பாரா ஒரு வாரம் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்தாள்.

அறியாமை இருந்தவரை அவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஞானம் வந்ததும்தான் வினை.

ஆட்டத்தின் முதல் பகுதி அமைதியாகவே போயிற்று. ஏனென்றால் கொச்கோர்பாய் அப்போது ஹாஜியின் வம்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாஜியின் கொள்ளுப்பாட்டனாரை அவர் எட்டுவதற்குள் விடுதிப் பிள்ளைகள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டும் எலாமான். அவன் வேகமாக ஓடுகிறவன் இல்லை, பலசாலியும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே வித்தை: எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது, ஆளில்லாத இடத்துக்கு மெல்ல நழுவிப் போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் போல நிற்பான். அவன் கூட்டாளிகள் கையை ஒரு வெட்டு வெட்டுவார்கள், பந்து அவனிடம் வந்து சேரும்.

வம்சம் முடிந்தது. கொச்கோர்பாய் லாரி உயரத்திலிருந்து மைதானத்தை ஒரு பார்வை பார்த்தார். சர்க்கரைக் கட்டிகள் உயிர்பெற்று ஓடுவது போல அவருக்கு எல்லாம் விளங்கிற்று. பரவசம் வந்துவிட்டது.

"ஆஹா! பந்து வலப்பக்கம் இருக்கு, எல்லாரும் அங்கே இருக்காங்க! ஆனா பாருங்க, இடது ஓரத்தைப் பாருங்க! தனியா நிக்கிறான் ஏழாம் நம்பர் எலாமான், மலைச்சரிவில் ஒற்றைக் கழுகு!"

சொல்லி வாய் மூடவில்லை, மூன்று சந்தைப் பையன்கள் கழுகின் மேல் விழுந்தார்கள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சந்தையில் நாள் முழுக்க ஒலிபெருக்கி அலறும். "மூணாம் வரிசைக்குத் தள்ளுவண்டி வேணும்!" என்று சொல்லி முடிப்பதற்குள் எவன் போய் நிற்கிறானோ அவனுக்குத்தான் அந்தப் பாரம். இந்தப் பையன்களின் கால்கள் மூளையைக் கேட்டு ஓடுவதில்லை. ஒலிபெருக்கியைக் கேட்டு ஓடும். கொச்கோர்பாய் "இடது ஓரம்" என்றால் இடது ஓரத்தில் கூட்டம். "நடுவில் வழி திறந்திருக்கு" என்றால் தூர்சுன் நடுவில் பாய்கிறான். விடுதிப் பிள்ளைகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போகிற இடத்திலெல்லாம் எதிராளி முன்கூட்டியே வந்து நிற்கிறான்! சந்தை அணி ஒன்று போட்டது. மறுபடி ஒன்று போட்டது. இரண்டுக்கு இரண்டு. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கொச்கோர்பாய் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஒமுர்ஸாக் ஹாஜி அவரைக் கம்பளத்துக்கு அழைத்துத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பார்த்தவர்களுக்குப் போதும், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

"நல்லாப் பேசுறீங்க தமாதா. எனக்குக் காது குளிர்ந்து போச்சு."

"எல்லாம் உங்க மாதிரி பெரியவங்க ஆசி, ஹாஜி."

"என் பையன் விசேஷத்துக்கு ஆள் பாக்குறேன், கேள்விப்பட்டிருப்பீங்க. இந்தப் புகை போடுற பசங்க எனக்கு ஆகாது. போன வருஷம் என் தம்பி மக கல்யாணத்துல ஒருத்தன் நடுவுல ஒரு நிமிஷம் பேச்சை விட்டுட்டான். அந்தப் பொண்ணு இன்னிக்கும் மாமியாரோட சண்டை." ஹாஜி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கடைசி வரைக்கும் நிக்காமப் பேசுறவனுக்குத்தான் என் வீட்டு மைக். ஆட்டம் முடியட்டும், பேசிக்குவோம்."

கொச்கோர்பாய் லாரிக்குத் திரும்பியபோது தரையில் நடந்தாரா என்று சொல்வது கடினம். லாரி அடியில் பெர்மெத் நின்றுகொண்டிருந்தாள்.

"கொச்கோர் பைகே, ஒரு வார்த்தை."

"ஒண்ணு என்னம்மா, பத்துச் சொல்லு! மைக் தரட்டுமா?"

"வேண்டாம். எங்க பிள்ளைகளுக்கு எதிரா எத்தனை பேர் ஆடுறாங்க தெரியுமா?"

"எட்டு."

"ஒம்பது. ஒம்பதாவது ஆள் லாரி மேல நிக்கிறார்."

கொச்கோர்பாய் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "நானா? உன் எலாமானை நான் புகழ்ந்த மாதிரி பெத்த தாய் புகழ்ந்திருப்பாளா? கழுகுன்னேனே!"

"கழுகு எங்க நிக்குதுன்னும் சொன்னீங்களே. நீங்க சொன்ன உடனே மூணு பேர் வந்து அதைப் பிடிச்சாச்சு. சந்தைப் பிள்ளைங்க மேல தப்பில்ல, அதுக பாவம், காதுல விழுந்தா ஓடத்தான் செய்யும். ஆனா அவங்க எங்க நிக்கிறாங்கன்னு நீங்க சொல்றது என் பிள்ளைக்குக் கேக்குதா?"

"அப்ப நீ கையால அவங்களுக்குச் சொல்லிடு!"

"ஓடுறவன் பந்தைப் பாப்பானா, என் கையைப் பாப்பானா?"

அவர் மீசையைத் தடவினார்.

"பேசாதீங்கன்னு நான் சொல்லல பைகே. உங்களைப் பேசாம இருன்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் பெர்மெத். "என்னமோ, தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க."

இரண்டாம் பகுதி தொடங்கிற்று. கொச்கோர்பாய் யோசித்து வைத்திருந்தார். பெயரைச் சொன்னால்தானே வம்பு? சொல்லாவிட்டால் போச்சு.

"இப்ப ஒருத்தன்... யாருன்னு சொல்ல மாட்டேன்... எந்தப் பக்கம்னும் சொல்ல மாட்டேன்... ஆனா சூரியன் மறையுற பக்கமா, கொடிக்கம்பத்துக்கு ரெண்டடி தள்ளி..."

மூன்று பேர் பாய்ந்தார்கள்.

சரி, ஆட்டத்தைப் பற்றியே பேச வேண்டாம். ஹாஜியைப் பேசுவோம், சிமெண்டைப் பேசுவோம். பேசினார். ஹாஜி தாடியை நீவிக்கொண்டு தலையசைத்தார். "...அந்தக் காலத்துல ஹாஜியோட பாட்டனார் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒட்டகத்துல சரக்கு கொண்டு வந்தார்! ஒண்ணில்ல, ரெண்டில்ல, ஏழு ஒட்டகம்! ஏழு..." கண் மைதானத்தின் பக்கம் தானாகப் போயிற்று. "ஏழு! அடேயப்பா, ஏழாம் நம்பர்கிட்ட ஒரு ஆளும் இல்லையே!"

பாய்ந்தார்கள். பெர்மெத் லாரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குச் சுட்டது.

போகட்டும், கடைசி வழி. எலாமான் இடப்பக்கம் நழுவினான். கொச்கோர்பாய் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "வலது பக்கம்! வலது ஓரத்துல தனியா நிக்கிறான்!" என்று முழங்கினார். தூர்சுனும் இன்னும் இரண்டு பேரும் வலது ஓரத்துக்குப் பறந்தார்கள். அங்கே கிடா மட்டும் நின்றிருந்தது. தூர்சுன் மூச்சிரைக்க நின்று, இடுப்பில் கை வைத்து, லாரியை அண்ணாந்து பார்த்தான்.

"பைகே! நீங்களுமா ஏமாத்துறீங்க?"

கூட்டம் சிரித்தது. கொச்கோர்பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ கோணல்மூக்கு மாப்பிள்ளைகளைப் பௌர்ணமி என்று வர்ணித்திருக்கிறார். அதெல்லாம் விருந்தின் உப்பு, யாரும் அதை நம்புவதில்லை. இந்தப் பையன் நம்பிவிட்டான். நம்பி ஓடியும்விட்டான். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம். பொய்யைச் சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம். மைதானத்தில் கால் வைக்காமலே இரண்டு அணியையும் உதைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கம்பளத்தின் மேல் ஒமுர்ஸாக் ஹாஜி உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நிற்காமல் பேச வேண்டும், அவ்வளவுதான். எண்ணூறு பேர். பத்து வருடம்.

கொச்கோர்பாய் மைக்கின் அடியில் இருந்த சிறிய விசையைக் கட்டை விரலால் தள்ளினார். டப் என்று ஒலிபெருக்கி அடங்கிற்று.

அந்தப் பொட்டலில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பூட்ஸ் மண்ணில் தேய்வது கேட்டது. கிடா மெல்லுவது கேட்டது.

"கரண்ட் போச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

மிர்லான் வயரைப் பிடித்துக்கொண்டே லாரி வரை ஓடி வந்தான். "பைகே, என்ன ஆச்சு? மைக் போச்சா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"தொண்டையா?"

அதற்கும் இல்லை என்றே தலையசைத்தார். மிர்லான் அவரை ஏற இறங்கப் பார்த்து, பயந்துபோய், "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றான்.

ஹாஜியின் ஆள் கம்பளத்திலிருந்து எழுந்து வந்தான். "தமாதா, ஹாஜி கேக்கச் சொன்னார். ஏன் நின்னுபோச்சு? நல்லாத்தானே போச்சு? ரெண்டு வார்த்தையாவது சொல்லுங்க. அவர் முகம் மாறுது."

கொச்கோர்பாய் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் பந்து சிக்கிக் கிடந்தது. இரண்டு அணியும் அதைச் சுற்றித் தேனீக்கள் மாதிரி மொய்த்தன. இடது ஓரத்தில், யாருமற்ற மண்ணில், எலாமான் மெல்ல நழுவி வந்து நின்றான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் போல. லாரி மேலிருந்து பார்த்த ஒருவரைத் தவிர அவனை யாரும் பார்க்கவில்லை. அந்த ஒருவருக்கு வாய் நிறையக் கொதிக்கும் தேநீரை ஊற்றியது போல இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கழுகு, சிறுத்தை, மின்னல், பனிமலை ஓநாய், எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டி நின்றன. மீசையின் நுனியைக் கடித்துக்கொண்டார்.

"தமாதா, ஹாஜி எழுந்திரிக்கிறார்!" என்றான் கீழே நின்ற ஆள்.

குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மேலெழுந்து காற்றை ஒரு வெட்டு வெட்டியது. பந்து நீண்டு, உயர்ந்து, இடது ஓரத்துக்கு வந்தது. தூர்சுன் திரும்பினான், காதைத் தீட்டினான், ஒன்றும் வரவில்லை. தன் கண்ணாலேயே தேடிக் கண்டுபிடித்து, தன் காலாலேயே ஓடினான், நன்றாகத்தான் ஓடினான். ஆனால் எலாமான் பந்தை ஒரு தட்டுத் தட்டி, நிமிர்ந்து, உதைத்துவிட்டிருந்தான். கோல்கீப்பரின் விரலை உரசிக்கொண்டு பந்து வலைக்குள் போயிற்று.

கூட்டம் வெடித்தது. முதியவர்கள் தொப்பியை வானத்துக்கு வீசினார்கள். விடுதிப் பிள்ளைகள் எலாமானின் மேல் குவிந்தார்கள். பெர்மெத் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, காது கேளாதோர் கைதட்டுகிற விதமாக விரல்களை உதறிக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள். நடுவர் சிவப்புத் துணியை ஆட்டியும் நிற்கவில்லை. தூர்சுன் மண்ணை ஒரு உதை உதைத்துவிட்டு, "ஆட்டம் முடியலடா, வாங்க!" என்று தன் ஆட்களை இழுத்தான். இத்தனை கூச்சலிலும் எல்லார் தலையும் ஒரு முறை லாரிப் பக்கம் திரும்பிற்று. யார் போட்ட கோல், எந்த வம்சம், எந்தக் கழுகு என்று முழக்கம் வர வேண்டிய நேரம் அல்லவா.

அந்தப் பக்கம் ஒமுர்ஸாக் ஹாஜி காரில் ஏறிக்கொண்டிருந்தார். கதவு சாத்தும் ஓசை கேட்டது. கார் புழுதி கிளப்பிக்கொண்டு ஆலை மதிலைச் சுற்றிப் போய் மறைந்தது. கொச்கோர்பாய் அதையும் பார்த்தார்.

நடுவர் பந்தை நடுவில் வைத்தார். இன்னும் சில நிமிடம் ஆட்டம் பாக்கி. எலாமான் மறுபடியும் நழுவத் தொடங்கியிருந்தான்.

மைக் அவர் கையில்தான் இருந்தது. வாய் மூடியிருந்தது.